சீட்டு விழுமா? – ஒரு கணக்குப் பாடம்

சில காலத்துக்கு முன் ஒரு கமக்காரக் குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தோம். சொந்தக் காணியை விட்டு இடம்பெயர்ந்து, பிறர் காணியில் குடியிருப்பவர்கள். வீட்டுத் தலைவர் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டு வருடங்களாக லொத்தரில் விழுந்த எண்கள் எல்லாம் திகதி வாரியாக அதில் எழுதப்பட்டிருந்தன. “சுவாமி, ஏழாம் நம்பர் கனகாலமா விழேல்லை. இனி விழத்தான் வேணும்” என்றார். நாம் புறப்படும்போது அவருடைய மனைவி படலையடியில் மெதுவாகச் சொன்னார்: “பிள்ளையின்ர பள்ளிக்கூடக் கொப்பிக் காசும் அதிலதான் போகுது, சுவாமி.”

அந்த மனிதரை நாம் குறைகூறவில்லை. போன போகத்தைக் குறித்து வைத்து அடுத்த போகத்தைத் திட்டமிடுவது நல்ல கமக்காரனின் பழக்கம். வயலில் பயன் தரும் அந்தப் பழக்கம் லொத்தரிலும் பயன் தருமா? இதனை ஆராய்வோம்.

1. பழைய எண்களைப் பார்த்து வாங்கலாமா?

ஒரு நாணயத்தைச் சுண்டிப் பாருங்கள். ஐந்து தடவை தொடர்ந்து தலை விழுந்தாலும் ஆறாவது தடவை பூ விழுவதற்கான வாய்ப்பு முன்போலவே பாதிதான். நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது. வயலுக்கோ ஞாபகம் உண்டு. போன போகத்தில் இட்ட பசளை மண்ணில் தங்குகிறது. சீட்டிழுப்பில் எதுவும் தங்குவதில்லை. ஒவ்வொரு இழுப்பும் புதிதாகவே தொடங்குகிறது.

2. வாய்ப்பு எவ்வளவு?

1 முதல் 49 வரையுள்ள எண்களில் ஆறைத் தெரிவு செய்யும் லொத்தர் பல நாடுகளில் நடைபெற்றுள்ளது. அதில் அமையக்கூடிய சேர்க்கைகள் 1,39,83,816. ஆயிரம் நெல்மணி சுமார் 25 கிராம் என்று கொண்டால், இத்தனை மணிகள் ஏறக்குறைய 350 கிலோ நெல்லாகும். அந்தக் குவியலில் ஒரேயொரு மணிக்கு மை பூசிக் கலந்துவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு மணியை எடுங்கள். ஒரு சீட்டின் வாய்ப்பு அவ்வளவுதான்.

3. பிறந்த திகதி, கனவு, இராசியான கடை?

இவை வாய்ப்பைக் கூட்டுவதில்லை. ஒரு கடையில் அடிக்கடி பரிசு விழுகிறதென்றால், அங்கே கூடுதலான சீட்டுகள் விற்கப்படுகின்றன என்பதே பெரும்பாலும் காரணம்.

எண்ணை நாமே தெரிவு செய்யும் லொத்தரில் ஓர் உண்மை உண்டு. பலரும் விரும்பும் எண்களை எடுத்தால், வென்றாலும் பங்கு சிறுக்கும். பிரித்தானியாவில் 1995 ஜனவரியில் நடந்த ஓர் இழுப்பில் 133 பேர் ஒரே எண்களை எடுத்திருந்தனர். சுமார் 160 இலட்சம் பவுண் பரிசு பிரிந்து, ஒருவருக்கு 1,22,510 பவுண் மட்டுமே கிடைத்தது. பிறர் எடுக்காத எண்களை எடுத்தால் பரிசைப் பங்குபோட வேண்டிய நிலை குறையலாம். வெல்லும் வாய்ப்பு மாறாது.

4. கூடுதலாக வாங்கினால்?

பத்துச் சீட்டு வாங்கினால் வாய்ப்பு பத்து மடங்காகும். செலவும் பத்து மடங்காகும். 1992இல் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் ஓர் அவுஸ்திரேலிய முதலீட்டுக் குழு இதைச் செய்து வென்றது. அங்கிருந்த சுமார் 70 இலட்சம் சேர்க்கைகளில் ஏறக்குறைய 50 இலட்சத்தை வாங்கியது. ஒரு சீட்டு ஒரு டொலர். பரிசு 270 இலட்சம் டொலர். ஆகவே உபாயம் இல்லாமலில்லை. அது பெரும் பணமுள்ளவர்களின் உபாயம். ஏழையின் ஐந்து சீட்டு அந்த உபாயமாகாது.

சீட்டொன்று 40 ரூபா என்று வைத்து, வாரம் ஐந்து சீட்டுக்குக் கணக்குப் பாருங்கள். வாரத்துக்கு 200 ரூபா. வருடத்துக்கு 10,400 ரூபா. இது விதைநெல்லுக்கும் பிள்ளைகளின் கொப்பிகளுக்கும் உதவக்கூடிய காசு.

5. எமது சீட்டு

எமது ஊர்களில் இன்னொரு சீட்டும் உண்டு. பத்துப் பேர் சேர்ந்து மாதாமாதம் காசு கட்டிச் சீட்டுப் பிடிக்கிறோம். அங்கேயும் குலுக்கல் உண்டு. ஆனால் யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்பதைத்தான் குலுக்கல் தீர்மானிக்கிறது. நம்பிக்கையானவர்கள் சேர்ந்தால் எல்லோருக்கும் கிடைக்கும்.

விவிலியத்தில் எண்ணாகமம் 26ஆம் அதிகாரத்தில், இஸ்ராயேல் மக்களுக்குக் காணி சீட்டுப்போட்டே பங்கிடப்படுகிறது. எந்தக் குலத்துக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுத் தீர்மானித்தது. குலத்தின் அளவுக்கேற்பக் காணி கூடவும் குறையவும் கொடுக்கப்பட்டது. ஒருவர் பெறுவதற்காகப் பலர் இழக்கும் சீட்டு அதுவல்ல.

திருச்சபையின் மறைக்கல்வி அதிர்ஷ்ட விளையாட்டைத் தன்னிலேயே பாவம் என்று கூறவில்லை. தன்னுடையதும் பிறருடையதுமான அவசியத் தேவைக்குரியதை அது பறிக்கும்போதே அதை ஏற்க முடியாது என்கிறது. எப்போதோ ஒரு சீட்டு வாங்கியவரை நாம் பழிக்க வேண்டியதில்லை. பிள்ளையின் கொப்பிக் காசு போகும்போது பேசாமலிருக்கவும் முடியாது.

காணியை இழந்த ஒருவர், ஒரே நாளில் எல்லாம் திரும்பி வரவேண்டும் என்று ஏங்குவது இயல்பு. அந்த ஏக்கத்தை நாம் மதிக்கிறோம். அதனாலேயே இந்தக் கணக்கை உங்கள் முன் வைக்கிறோம்.

கலந்துரையாட:
– எமது வீட்டில் ஒரு மாதத்தில் லொத்தருக்குச் செலவான காசு எவ்வளவு? கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதிப் பாருங்கள்.
– அதே காசை ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வருடம் சேமித்தால் எதைத் தொடங்கலாம்?
– அந்தக் காசைப் பொறுப்பாக வைத்திருக்க எமக்குள் யாரைத் தெரிவு செய்வோம்? கணக்கை எப்போது பார்வையிடுவோம்?