எண்ணெய் விற்ற நாடு கடனாளி ஆன கதை



பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் குழுக் கூட்டத்தில் ஒரு பேச்சு வரும். "எண்ணெய்க் கிணறு வச்சிருக்கிற நாட்டுக்காரங்களுக்கு என்ன கவலை? தோண்டத் தோண்டப் பணம்தானே!" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காலுக்கடியில் எண்ணெய் இருந்தும் கடனில் மூழ்கிய நாடுகள் உண்டு. அதில் ஒன்று ஆப்பிரிக்காவில் உள்ள நைஜீரியா. இந்த மாதப் பாடத்தில் அந்த நாட்டின் கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். நாட்டுக் கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். வரவு, செலவு, கடன், வட்டி, தவணை, அவ்வளவுதான். நாம் வாராவாரம் எழுதுகிற அதே கணக்குதான், சைபர் மட்டும் கூடுதல்.

கடலை மூட்டைக் கோபுரம்

நைஜீரியா மேற்கு ஆப்பிரிக்காவில் கடலோரமாக இருக்கும் பெரிய நாடு. இன்று 20 கோடிப் பேருக்கு மேல் அங்கே வாழ்கிறார்கள். நம்மைப் போலவே வெள்ளைக்காரர் ஆண்ட நாடு. 1960இல் சுதந்திரம் பெற்றது. அப்போது அது முழுக்க விவசாய நாடு. வடக்கே நிலக்கடலை, தென்மேற்கில் சாக்லேட்டுக்குப் போகிற கோகோ, தென்கிழக்கில் பாமாயில். நம் ரேஷன் கடைப் பாமாயில் இருக்கிறதே, அந்த மரத்துக்குச் சொந்த மண்ணே மேற்கு ஆப்பிரிக்காதான். கானோ என்ற வடக்கத்தி ஊரில் அறுவடைக் காலத்தில் கடலை மூட்டைகளைக் கோபுரம் கோபுரமாக அடுக்கி வைப்பார்கள். ஏற்றுமதிக்கு ரயில் ஏறக் காத்திருக்கும் மூட்டைகள் அவை.

1956இல் நைஜர் ஆற்றின் முகத்துவாரப் பகுதியில், ஒலோயிபிரி என்ற ஊரில் எண்ணெய் கிடைத்தது. 1958இல் முதல் எண்ணெய் கப்பல் ஏறியது. ஆரம்பத்தில் அது பத்து வருமானத்தில் ஒரு வருமானம். 1973இல் மேற்காசியாவில் போர் வந்தது. எண்ணெய் விற்கும் நாடுகள் விலையை ஏற்றின. சுமார் 3 டாலருக்கு விற்ற ஒரு பீப்பாய் (159 லிட்டர்) 1974இல் சுமார் 12 டாலர் ஆனது. ஒரே வருஷத்தில் நாலு மடங்கு!

பணம் கொட்டியது. 1970களின் நடுவிலிருந்து அந்த நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கு எண்ணெய்தான். கடலையும் கோகோவும் என்ன ஆச்சு? வடக்கே வறட்சி, கடலைச் செடிக்கு நோய். வேறு காலமாக இருந்தால் அரசு பதறிப்போய் விதையும் மருந்தும் கொடுத்திருக்கும். இப்போது அந்த வருமானம் யாருக்கும் தேவைப்படவில்லை. எண்ணெய்ப் பணத்தால் நைரா (அவர்கள் ரூபாய்) பலமாக நின்றது. அதனால் வெளிநாட்டு அரிசியும் கோதுமையும் மலிவு. சொந்த ஊர் விளைச்சலுக்கு விலை இல்லை. இளவட்டங்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். கடலைக் கோபுரங்கள் மறைந்தன. பாமாயில் விற்ற நாடு பாமாயில் வாங்கியது.

பெரும்பணம் வந்த வீட்டில் நடப்பதெல்லாம் அங்கும் நடந்தது. அரசு ஊழியர்களுக்குச் சம்பளத்தை அள்ளிக் கொடுத்தார்கள். 1975இல் ஒரு கூத்து. கட்டடம் கட்டச் சுமார் 2 கோடி டன் சிமெண்டுக்கு ஆர்டர் போட்டார்கள். லாகோஸ் துறைமுகத்தில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் சிமெண்டைத்தான் இறக்க முடியும். நூற்றுக்கணக்கான கப்பல்கள் கடலில் மாதக்கணக்கில் நின்றன. நின்ற ஒவ்வொரு நாளுக்கும் காத்திருப்புக் கட்டணம் வேறு கட்ட வேண்டியிருந்தது. ஈரக் காற்றில் சிமெண்டு கட்டி தட்டியதுதான் மிச்சம்.

வீடு தேடி வந்த கடன்

இதுவரை சொன்னது வீண்செலவு. கடன் எங்கே வந்தது?

வருமானம் இல்லாதவரைத் தேடி யாரும் கடன் கொடுக்க வருவதில்லை. வருமானம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் வாசலில் வந்து நிற்பார்கள். நுண்கடன் கம்பெனிகள் எந்தத் தெருவில் முதலில் நுழைகின்றன என்று நமக்குத் தெரியாதா? அந்தச் சமயத்தில் மேல்நாட்டு வங்கிகளிடம் பணம் நிரம்பிக் கிடந்தது. அதில் பெரும்பகுதி எண்ணெய் நாடுகள் அங்கே போட்டு வைத்த பணமே. அதை யாருக்காவது வட்டிக்கு விட வேண்டும். "உங்களிடம் எண்ணெய் இருக்கிறது, பயமென்ன" என்று கொடுத்தார்கள். 1978இல் நைஜீரியா 100 கோடி டாலர் கடன் வாங்கியது. அங்கே அதற்கு ஜம்போ கடன் என்று பேர். அதன் பிறகு மத்திய அரசு, மாநில அரசு என்று ஆளாளுக்கு வாங்கினார்கள்.

வாங்கிய கடன் எதற்குப் போனது என்று பார்க்க வேண்டும். கறவை மாட்டுக்கு வாங்கினால் பால் தவணையைக் கட்டும். அஜாகூட்டா என்ற இடத்தில் மாபெரும் எஃகு ஆலை கட்டத் தொடங்கினார்கள். பல நூறு கோடி டாலர் விழுங்கியும் அது முழுமையாக இயங்கவே இல்லை. பால் கறக்காத மாடு. தவணை மட்டும் கறந்தது.

இன்னொரு கண்ணி, வட்டி. அந்தக் கடன்களில் பல, மாறும் வட்டிக் கடன்கள். 1980, 81இல் அமெரிக்கா தன் விலைவாசியை அடக்க வட்டியை ஏற்றியபோது அது 20 சதவீதத்தைத் தொட்டது. நைஜீரியாவின் தவணையும் தானாக ஏறியது. அதே நேரம் எண்ணெய் விலை இறங்கத் தொடங்கியது. 1980இல் 35 டாலருக்கு மேல் விற்ற பீப்பாய், 1986இல் 10 டாலர் பக்கம் வந்துவிட்டது.

வருமானம் ஒன்றே ஒன்று. அது விழுந்தது. கடன் மட்டும் அப்படியே நின்றது.

மூன்றாவது அடி நாணயத்தில் விழுந்தது. டாலரில் வாங்கின கடனை டாலரில்தானே கட்டணும்? 1985இல் ஒரு டாலருக்கு ஒரு நைராவே போதும். 1986இல், கடன் பேச்சுவார்த்தைகளோடு வந்த சீர்திருத்தத்தில் நைராவின் மதிப்பைக் குறைத்தார்கள். 1993இல் ஒரு டாலருக்கு 22 நைரா. அதாவது 100 டாலர் தவணைக்கு முன்பு 100 நைரா எடுத்து வைத்த அரசு இப்போது 2,200 நைரா எடுத்து வைக்க வேண்டும். எங்கிருந்து எடுக்கும்? பள்ளிக்கூடத்திலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும்தான்.

கட்ட முடியாமல் தவணை தவறியது. தவறினதுக்கு அபராத வட்டி, அந்த வட்டிக்கும் வட்டி. 1985 வாக்கில் சுமார் 1,900 கோடி டாலராக இருந்த வெளிக்கடன், 2004 முடிவில் சுமார் 3,600 கோடி டாலர். இத்தனைக்கும் இடையில் பெரிதாகப் புதுக்கடன் யாரும் கொடுக்கவில்லை. உலகிலேயே மோசமான விஷயம் எது என்று கேட்டால் கூட்டு வட்டி என்பேன் என்று அந்நாட்டு அதிபர் ஒபசாஞ்சோ 2000ஆம் ஆண்டில் சொன்னார். கந்துவட்டிக்கு வாங்கிய நம்மில் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் தப்பு முழுக்க வட்டிக்காரர் மேல் மட்டும் இல்லை. இடையில் ஆண்ட ராணுவத் தலைவர்கள் அடித்த கொள்ளை அதிகம். சானி அபாச்சா 1993 முதல் 1998 வரை ஆண்டார். அவர் கடத்திய பணத்தில் ஒரு பகுதியைப் பின்னாளில் சுவிட்சர்லாந்து திருப்பிக் கொடுத்தது.

எண்ணெய் எடுத்த ஊர் என்ன ஆனது? அங்கே குழாய் உடைந்து எண்ணெய் வாய்க்காலில் கலந்தது, மீன் செத்தது. எரிவாயுவை வெட்டவெளியில் எரித்ததால் ராத்திரியும் வானம் சிவந்தே கிடந்தது. ஆனால் வீட்டில் கரண்ட் இல்லை. 2002 ஜூலையில் எஸ்கிராவோஸ் என்ற இடத்தில், பல நூறு கிராமத்துப் பெண்கள் செவ்ரான் கம்பெனியின் எண்ணெய் நிலையத்துக்குள் புகுந்து சுமார் பத்து நாள் உட்கார்ந்துவிட்டார்கள். பாட்டிமாரும் கைக்குழந்தைக்காரிகளும் அதில் உண்டு. கையில் ஆயுதம் எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கு வேலை, ஊருக்குக் கரண்ட், தண்ணீர், பள்ளிக்கூடம் இதைத்தான் கேட்டார்கள். கடைசியில் கம்பெனி உட்கார்ந்து பேசி, பல கோரிக்கைகளை ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று.

ஒரு அம்மா கணக்கைத் திறந்தார்

2003இல் நைஜீரியாவின் நிதியமைச்சராக ஒரு பெண் வந்தார். பெயர் இங்கோசி ஒகோன்ஜோ இவேலா. உலக வங்கியில் வேலை பார்த்தவர். அவர் செய்ததில் இரண்டு காரியத்தை நம் குழுக்கள் நின்று கவனிக்க வேண்டும்.

முதலாவது, ஒவ்வொரு மாநிலத்துக்கும் மாதாமாதம் எவ்வளவு பணம் போகிறது என்று 2004 முதல் பேப்பரில் போட வைத்தார். மக்கள் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்க ஊருக்கு இவ்வளவு வந்திருக்கே, ரோடு எங்கே?" என்று கேட்கத் தொடங்கினார்கள். தீர்மான நோட்டை எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிக்கிறோமே, அதே வேலைதான்.

இரண்டாவது, எண்ணெய் விலையைக் குறைத்து மதிப்பிட்டு பட்ஜெட் போட்டார்கள். 2004இல் பீப்பாய் 25 டாலர் என்று வைத்துத்தான் செலவுத் திட்டம். சந்தையில் விலை அதற்கு மேலே போனபோது, மேலே வந்த பணத்தைத் தனிக் கணக்கில் சேர்த்தார்கள். கையில் சேமிப்பைக் காட்டியதால் கடன் கொடுத்தவர்களிடம் நிமிர்ந்து பேச முடிந்தது. பாரிஸ் கிளப் என்பது கடன் கொடுத்த நாடுகள் சேர்ந்து பேசும் அமைப்பு. அதற்கு மட்டும் பாக்கி சுமார் 3,000 கோடி டாலர். 2005 அக்டோபரில் ஒப்பந்தம் ஆனது. சுமார் 1,200 கோடி டாலரை நைஜீரியா கட்ட வேண்டும், சுமார் 1,800 கோடி தள்ளுபடி. 2006 ஏப்ரலில் கடைசித் தவணையைக் கட்டி முடித்தார்கள். ஆண்டுதோறும் தவணைக்குப் போன பணத்தில் ஒரு பகுதி பள்ளிகளுக்கும் சுகாதாரத்துக்கும் போனது. 2009இல் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் பிரசவம் பார்க்கும் செவிலியர்களை அனுப்பும் திட்டமும் அதில் வந்ததுதான்.

1,200 கோடி டாலரை ஏழை நாடு ஏன் அள்ளிக் கொடுக்க வேண்டும் என்று அங்கேயே கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கேள்வியும் நியாயமானதே. ஆனால் அபராத வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் கடனை முடித்தது சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

மறுபடியும்

இங்கேயே முடிந்திருந்தால் நல்ல கதை. சேர்த்த பணத்தை, விலை நன்றாக இருந்த ஆண்டுகளிலேயே மாநிலங்களும் மத்திய அரசும் பங்கு போட்டுக் கரைத்தன. ஒகோன்ஜோ இவேலா 2011இல் மறுபடி அமைச்சராக வந்தார். பெட்ரோல் மானியத்தில் பொய் பில் போட்டவர்களுக்குப் பணம் தர மறுத்தார். 2012 டிசம்பரில், 80 வயது தாண்டிய அவருடைய அம்மாவைக் கடத்திக்கொண்டு போனார்கள். ஐந்து நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தார். மகள் பதவியை விட்டுப் போகவில்லை.

2014 நடுவில் 110 டாலருக்கு மேல் இருந்த பீப்பாய், 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. மறுபடி கடன். இந்த முறை உள்நாட்டிலும் வெளிநாட்டிலும். 2022இன் முதல் நாலு மாதக் கணக்கில், மத்திய அரசுக்கு 100 நைரா வரவு என்றால் கடனுக்குக் கட்டியது 119 நைரா. அப்போது உக்ரைன் போரால் எண்ணெய் விலை உச்சத்தில் இருந்தது. அப்படியும் ஏன் இப்படி? கிணற்றிலிருந்தும் குழாயிலிருந்தும் திருட்டு, உற்பத்தி குறைவு. அரசு சுத்திகரிப்பு ஆலைகள் ஓடாததால், பச்சை எண்ணெயை விற்ற நாடு பெட்ரோலை வெளியிலிருந்து வாங்கி, மானியம் கொடுத்து விற்றுக்கொண்டிருந்தது. நெல்லை விற்றுவிட்டு அரிசியைக் கடையில் வாங்கின கணக்கு. (2024இல்தான் டாங்கோட்டே என்ற தனியாரின் பெரிய ஆலை அங்கே ஓடத் தொடங்கியது.)

2023 மே 29இல் புதிய அதிபர் மானியம் இனி இல்லை என்று அறிவித்தார். லிட்டர் 190 நைரா பக்கம் இருந்த பெட்ரோல் சில நாட்களில் 500 நைராவைத் தொட்டது. பஸ் கட்டணம், கிழங்கு, தக்காளி, அரிசி எல்லாம் ஏறின. மானியத்தில் பெரும்பகுதியைத் தின்றவர்கள் வேறு. அதை நிறுத்தியபோது சுமந்தவர்கள் சந்தையில் கூடை வைத்து விற்கும் பெண்கள்.

விலை இறங்கினால் விற்கிற நாட்டுக்கு அடி. ஏறினால் வாங்குகிற நாட்டுக்கு அடி. நம் நாட்டுக்கும் அந்த அனுபவம் உண்டு. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்ததும் எண்ணெய் விலை இரண்டு மடங்குக்கு மேல் போனது. ஏற்கனவே கடனில் இருந்த இந்தியாவிடம் 1991 நடுவில் சில வார இறக்குமதிக்கான டாலர்தான் மிச்சம். 1991 மே மாதம் 20 டன் தங்கமும், ஜூலையில் சுமார் 47 டன் தங்கமும் வெளிநாடு போயின. ஜூலையில் போன தங்கத்தை அடகு வைத்து வாங்கிய டாலர் சுமார் 40 கோடி. அடகுக் கடையில் தாலிச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவர்களுக்கு இது புரியும். கடனைக் கட்டி மீட்டுவிட்டார்கள். ஆனால் அதே ஜூலையில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது.

அடுத்த கூட்டத்தில் ஊக்குநர் இந்தப் பாடத்தை வாசித்துக் காட்டட்டும். பிறகு கடன் பதிவேட்டைத் திறந்து வைத்துப் பேசுங்கள். நம் குழுவில் எத்தனை வீடுகள் ஒரே வருமானத்தை நம்பித் தவணை கட்டுகின்றன? பால் மட்டும், நூறு நாள் வேலை மட்டும், வெளியூர் போன பிள்ளை அனுப்புகிற பணம் மட்டும் என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாக நல்ல வரவு வந்த மாதத்தில் குழுவில் புதுக்கடன் கூடியதா, சேமிப்பு கூடியதா என்று பதிவேட்டிலேயே பார்க்கலாம். கிடைத்த கணக்கை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.