பெண்கள் வரலாறு: நூலகங்கள் கூடிச் சேகரிக்கும் வழி

வை. மு. கோதைநாயகி 1925 முதல் நடத்திய ‘ஜகன்மோகினி’, அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் 1918-இல் தொடங்கிய ‘ஸ்திரீ தர்மா’, மாதர் சங்க ஆண்டறிக்கைகள், மாநாட்டுத் துண்டறிக்கைகள் போன்றவை இல்லாமல் தமிழகப் பெண்களின் வரலாற்றை எழுத முடியாது. ஆனால் அவை அச்சான காலத்தில், சேர்த்துவைக்க வேண்டிய பொருளாக அவற்றைக் கருதிய நூலகங்கள் குறைவு. ஆகவே ஓர் ஆண்டு ஓரிடத்தில், அடுத்த ஆண்டு வேறோர் ஊரில் என்று சிதறிக் கிடக்கின்றன. ஒரு பல்கலைக்கழகம் தனியாக நின்று இதைச் சரிசெய்ய இயலாது. கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம், மதுரை காமராசர், காரைக்குடி அழகப்பா, திருச்சி பாரதிதாசன் எனப் பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருப்பவை கைகோத்தால் முடியும்.

துணைவேந்தர்களைக் கூட்டுவதற்கு முன்பே இருப்புக் கணக்கு எடுத்துவிட வேண்டும். துணை நூலகர்களும் மகளிரியல், வரலாற்றுத் துறை ஆய்வு மாணவர்களும் சேர்ந்து, அலமாரி முன் நின்று செய்ய வேண்டிய வேலை இது. கணினித் தேடலை மட்டும் நம்பினால் நிறைய நழுவிப்போகும். டூயி பகுப்பில் மகளிர் நூல்களுக்கு இன்றைய எண் 305.4. பழைய பதிப்புகளின்படி எண்ணிட்ட புத்தகங்கள் 396-இலேயே தங்கியிருக்கும். ரங்கநாதனின் கோலன் பகுப்பைக் கைக்கொண்ட நூலகம் என்றால் ஒய்15-இல் தேட வேண்டும். தன்வரலாறுகள், சமையல் புத்தகங்கள், தாய்சேய் நலக் கையேடுகள் எல்லாம் வேறு வேறு அலமாரிகளில் இருக்கும். அன்பளிப்பாக வந்து பதிவேட்டில் ஏறாமல் கிடக்கும் கட்டுகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அரிய பிரசுரங்கள் அங்கேதான் அதிகம் அகப்படும்.

இதழ்களுக்கு ‘1930கள்’ என்று பொத்தாம்பொதுவாகக் குறித்தால் பயனில்லை. எந்த ஆண்டு, எந்த மாதம், எது விடுபட்டது, தாள் நொறுங்குகிறதா என்பது வரை எழுத வேண்டும். தொடக்கத்தில் எல்லோரும் திறந்து திருத்தக்கூடிய ஓர் எக்செல் தாள் போதும். பிறகு இன்ஃப்ளிப்நெட்டின் இண்ட்கேட் கூட்டுப் பட்டியலில் ஏற்றிக்கொள்ளலாம்.

கணக்கு கையில் வந்ததும் தரம் குறிக்க வேண்டும். அமெரிக்காவின் ரிசர்ச் லைப்ரரீஸ் குரூப் உருவாக்கிய ‘கான்ஸ்பெக்டஸ்’ அளவுகோல் இதற்கு நல்ல துணை. சுழியம் என்றால் அந்தப் பொருளில் நூலகம் சேகரிப்பதே இல்லை. 3 என்றால் மாணவர் பாடத்துக்குப் போதும். 4 ஆய்வுக்குத் தாங்கும். 5 முழுமையை நோக்கிய சேகரம். ‘மகளிரியல்’ என்று மொத்தமாக ஒரு மதிப்பெண் போட்டால் ஒன்றும் விளங்காது. சுயமரியாதை இயக்கப் பெண்கள், தேவதாசி ஒழிப்பு, மிஷன் பள்ளிகள், தோட்டத் தொழிலாளர், தலித் பெண் எழுத்து எனப் பிரித்து மதிப்பிட வேண்டும். இந்த இடத்தில் கௌரவம் பார்க்கும் நூலகம் கூட்டு முயற்சியையே கெடுத்துவிடும்.

அடுத்தது பங்கீடு. இதில் ஃபார்மிங்டன் திட்டத்தின் அனுபவம் கண்முன் இருக்க வேண்டும். அமெரிக்க நூலகங்கள் 1948-இல் வெளிநாட்டு நூல்களைப் பொருள்வாரியாகவும் நாடுவாரியாகவும் பிரித்துக்கொண்டு வாங்கத் தொடங்கின. 1972-இல் திட்டம் நின்றது. தன் வளாகத்தில் யாரும் தொடாத புத்தகத்தை ஊருக்காக வாங்கிக்கொண்டே இருக்க, நிதி சுருங்கிய நேரத்தில் எந்த நூலகத்துக்கும் மனம் வரவில்லை. எனவே ஆசிரியரும் ஆய்வாளரும் எங்கே இருக்கிறார்களோ, பொறுப்பு அங்கே போக வேண்டும். பாடநூல்களைப் பங்கிடவே கூடாது. அவை ஒவ்வொரு நூலகத்திலும் இருக்க வேண்டியவை. பன்னாட்டு ஆய்விதழ்களைப் பற்றியும் அதிகம் கவலை வேண்டாம். 2025 சனவரியில் நடைமுறைக்கு வந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குச் சுமார் 13,000 மின்னிதழ்கள் கிடைக்கின்றன. கூட்டு நிதி, வேறு யாரும் வாங்காத சிறு பிரசுரங்களுக்கே போகட்டும்.

பேசி முடித்ததை எழுத்தில் கொண்டுவர வேண்டும். நூலகர் ஓய்வு பெறுவார், துறைத்தலைவர் மாறுவார். சிண்டிகேட் ஒப்புதல் பெற்ற புரிந்துணர்வு ஒப்பந்தம்தான் நிலைக்கும். இரவல் எத்தனை நாள், தபால் செலவு யாருடையது, எது நூலகத்துக்குள் மட்டும் என்பவற்றோடு ஒரு விதி கட்டாயம் வேண்டும்: கூட்டமைப்பில் ஒரே ஒரு பிரதி மட்டும் எஞ்சியிருக்கும் எதையும், மற்ற நூலகங்களைக் கேட்காமல் கழிவில் போடக்கூடாது.

பிறகு வெளியே தேட வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா தனிமனிதராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் 1992-இல் அவர் மறைந்தபின் சிதறிப்போயிருக்கக்கூடும். சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கிச் சென்னையிலேயே வைக்க ஏற்பாடு செய்ததால், 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. அப்படி ஒரு வீட்டுச் சேகரம் விலைக்கு வரும்போது, கூட்டமைப்பின் சார்பில் ஒருவர் மட்டுமே பேச வேண்டும். இரண்டு பல்கலைக்கழகங்கள் போட்டியிட்டால் விலைதான் ஏறும். நிதிக்கும் முன்மாதிரி உண்டு: 1967-இல் தொடங்கிய ‘சாம்ப்’ திட்டத்தில், தெற்காசியாவைப் படிக்கும் பல்கலைக்கழக நூலகங்கள் சந்தா போட்டு அரிய அச்சுகளை மைக்ரோஃபிலிம் எடுத்துப் பகிர்ந்துகொண்டன.

ஸ்கேன் செய்வதற்குமுன் காப்புரிமையைப் பார்க்க வேண்டும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப்பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். கோதைநாயகி மறைந்தது 1960. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1962. அவர்கள் வாழ்நாளில் வெளியிட்ட எழுத்துகள் இன்று பொதுவுடைமை. ஆனால் ஓர் இதழில் எழுதிய மற்றவர்களுக்குத் தனித்தனியே கணக்கிட வேண்டும். உரிமை முடியாதவற்றையும், லாபநோக்கற்ற பொது நூலகம் தன்னிடம் அச்சுப் பிரதி இருந்தால் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம் என்று 2012-இன் சட்டத்திருத்தம் இடம் தருகிறது. இணையத்தில் ஏற்றுவதற்கு அது அனுமதி ஆகாது.

முதல் ஆண்டில் ஒரே ஓர் இதழை எடுத்துக்கொள்வது நல்லது. நான்கு நூலகங்களிலும் இருக்கும் பிரதிகளை ஒப்பிட்டு, விடுபட்ட மாதங்களின் பட்டியலைப் பழைய புத்தகக் கடைகளுக்கும் அந்த இதழில் எழுதியவர்களின் குடும்பங்களுக்கும் அனுப்ப வேண்டும்.