அந்தி வெயிலில் ஒரு வாத்து

ஒரு வாத்துக்குப் பெயர் சொல்லப்போய் மனிதன் மானத்தை இழக்கக்கூடும் என்பதை என்னுடைய அறுபத்திரண்டாவது வயதில்தான் நான் அறிந்துகொண்டேன். செய்யாற்றுப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் ஏரியில் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் வந்திறங்கும் தை மாதந்தோறும், முப்பது வருஷங்களாகக் கரைமேல் நின்று அவற்றை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதிவருகிறவன் நான். புள்ளிமூக்கு வாத்தை அதன் குரலைக் கொண்டே இருட்டில் சொல்லிவிடுவேன் என்ற கர்வமும் எனக்கு உண்டு. அந்தக் கர்வத்துக்குத் தூபம் போட்டது 2021-ஆம் வருஷத்துச் செய்தி ஒன்று: பிப்ரவரி மாதத்தில் அஸ்ஸாமின் மாகுரி ஏரியில், நூறு வருஷங்களுக்கு மேலாக அங்கே காணப்படாதிருந்த மாண்டரின் வாத்து ஒன்று வந்திறங்கியதாம். மாகுரிக்கு அபூர்வ விருந்தாளி வரலாமென்றால் எங்கள் ஏரி என்ன பாவம் செய்தது என்று எண்ணிக்கொண்டேன்.

மறு வருஷத்துத் தை மாதத்தில் ஒரு மாலை, நீரோரத்துக் கருவேல மரத்தின் தாழ்ந்த கிளையில் அது உட்கார்ந்திருந்தது. முதுகு கறுப்பு, அதில் பச்சையும் ஊதாவும் கலந்த மினுமினுப்பு. வெண்மையான கழுத்திலும் தலையிலும் கரும்புள்ளிகள். அலகின் அடியில் ஒரு குமிழ். நம் தேசத்துக் காட்டு வாத்துகளில் ஒன்றுக்கு ஆண் பறவையின் அலகின்மேல் சதைக் குமிழ் உண்டென்பதும், அது மரப்பொந்தில் முட்டையிட்டு மரக்கிளையில் தங்கும் சுபாவமுடையது என்பதும், அதன் முதுகும் இப்படித்தான் மின்னுமென்பதும் எனக்கு மனப்பாடம். எங்கள் வட்டாரத்தில் அந்தப் பறவையை நான் ஒருமுறையும் கண்டதில்லை. ஆகவே, கண் பார்த்து முடிப்பதற்குள், இது அதுவேதான் என்று மனம் தீர்ப்பு எழுதிவிட்டது.

இங்கேதான் நான் செய்த பெரும்பிழை இருக்கிறது. மற்றவை எல்லாம் அதன் பிள்ளைகள். நம் பக்கத்து ஏரிகளுக்குப் பெரும்பாலும் கரை கிழக்கே இருப்பதால், மாலையில் கரைமேல் நின்று பார்க்கிறவனுக்குச் சூரியன் பறவையின் பின்னால் இருக்கிறான் என்ற சின்ன விஷயம் எனக்குத் தோன்றவில்லை. கண்ணைச் சுற்றியும் அலகின் அடியிலும் சிவந்த மருக்கள் பரந்திருந்த அந்த முகம் எனக்கு வெறும் கருநிழலாகவே தெரிந்தது. மறுநாள் காலையில் வந்து வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துப் பார்த்திருந்தால் போதும். அதுவும் வேண்டாம், அது இறக்கை விரிக்கும்வரை அரைமணி நேரம் காத்திருந்தாலும் போதும். நான் நினைத்த அந்தக் காட்டு வாத்தின் இறக்கையில் வெள்ளைத் திட்டு கிடையாது. நான் கண்டதற்கோ தோளிலிருந்து பெரிய வெள்ளைத் திட்டு. மேலும், மழைக்காலத்து இனப்பெருக்கப் பருவத்தில் பருக்கும் அந்தக் குமிழ் தை மாதத்தில் சுருங்கியிருக்க வேண்டும் என்பதும், எனக்குத் தெரிந்திருந்தும், வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. வந்தும் அதை நான் லட்சியம் செய்யவில்லை. ஆகவே உங்கள் ஊர்க் கரைக்கும் காலையிலேயே போங்கள். மாலையில் கண்டதற்கு இரவில் பெயர் வைக்காதீர்கள்.

நான் பெயர் வைத்ததோடு நிற்கவில்லை. பறவை பார்க்கும் நண்பர்கள் பன்னிரண்டு பேரை என் சொந்தச் செலவில் வேன் வைத்து அழைத்துப் போனேன். அவர்களுள் சாஸ்திரம் அறிந்தவர் என்று பெயர்பெற்ற ஒரு கனவான், கைத்தடிபோல் நீண்ட லென்ஸ் பூட்டிய காமிராவுடன் வந்தவர், அரைமணி நேரம் வாய் திறவாமல் நாற்பது படங்கள் எடுத்தார். அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்க வந்திருந்த ஒருவர் எங்கள் கூட்டத்தைக் கண்டு அருகே வந்தார்.

“ஐயா, எதைப் பார்க்கிறீங்க? அது தோப்புக்காரர் வீட்டு மஸ்கோவி. கறிக்கு வளர்த்தார். ரெண்டு மாசமா இங்கேதான் கிடக்குது. கத்தற சாதி இல்லை, கிட்டப் போனா சீறும். நம்ம வாத்து இருபத்தெட்டு நாள்ல குஞ்சு பொரிக்கும்னா இதுக்கு முப்பத்தஞ்சு நாள் ஆகும்.”

உடனே அந்தக் கனவான், “நான் முதலிலேயே சந்தேகித்தேன்” என்றார்!

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வைத்திருந்த பறவை நூலில் இந்தத் தேசத்துக் காட்டுப் பறவைகள் மட்டுமே உண்டு. தோப்புக்காரர் வீட்டுப் பறவைகளுக்கு அதில் இடமில்லை. இந்த வாத்தின் விஷயத்தில் என்னைவிடப் பெரியவர்களும் தடுமாறியிருக்கிறார்கள். 1758-இல் லின்னேயஸ் இதற்குக் கஸ்தூரி மணத்தைக் குறிக்கும் பெயரிட்டார். பின்வந்தவர் இதன் பேரினப் பெயரை கெய்ரோ நகரோடு சேர்த்தார். ஆங்கிலேயர் வழங்கும் பெயரோ மாஸ்கோவை நினைவூட்டுகிறது. இதன் ஜன்மபூமியோ மெக்சிகோ தொடங்கித் தென் அமெரிக்கா வரை உள்ள பிரதேசம். கொலம்பஸ் கப்பலேறுவதற்கு முன்பே அங்குள்ள ஆதிக்குடிகள் இதை வீட்டில் வளர்த்தார்கள். உலகத்து மற்ற வீட்டு வாத்துகளெல்லாம் பசுந்தலைக் காட்டு வாத்தின் சந்ததி. இது ஒன்றுதான் வேறு வம்சம். காட்டில் இது ஏறக்குறைய முழுக் கறுப்பு. மனிதன் வளர்த்ததனால்தான் கழுத்திலும் மார்பிலும் கண்டபடி வெள்ளை ஏறி, என்னைப் போன்றவர்களை ஏமாற்றுகிறது.

தப்பிவந்த பறவைக்குரிய மற்ற லட்சணங்கள் யாவருக்கும் தெரிந்தவை: மனிதனைக் கண்டு பயப்படாமை, காலில் வளையம், இருபுறமும் ஒவ்வாத திட்டுகள், கனத்த உடல். அவற்றைவிட, வாத்து மேய்க்கிறவரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். காமிரா வைத்திருக்கிறவரிடம் கேட்க வேண்டாம்.

வேன் வாடகையைப் பற்றி எனக்கு இப்போது வருத்தமில்லை. அந்தக் கனவான் மட்டும் ஒவ்வொரு கூட்டத்திலும் என்னைக் கண்டதும் கறிவாத்துக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார். அந்த நாற்பது படங்களைக் காட்டுங்கள் என்று நான் கேட்கும்போதெல்லாம், அவை வீட்டில் இருப்பதாகச் சொல்கிறார்.