குறிகளின் பங்கீடும் பிழையின் குறைவும்

மின்தொடர்பு பயிலும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பதுண்டு: “செய்தியில் பிழை குறைய வேண்டுமானால் சக்தியைக் கூட்டுவதன்றி வேறு வழியில்லையா?” உண்டு என்பதே என் விடை. அதனைச் சிறு கணக்கொன்றால் விளக்குகிறேன்.

மளிகைக் கடைக்காரர் அடிக்கடி விலைபோகும் சரக்கைக் கைக்கெட்டும் தட்டில் வைப்பார். எப்போதோ கேட்கப்படுவதை மேல்தட்டில் வைப்பார். ஏணி ஏறும் உழைப்பு மிச்சம். குறிகளை அனுப்புவதிலும் இச்சிக்கனம் பொருந்தும்.

−3, −1, +1, +3 என்னும் நான்கு வீச்சுகளையும் சமமாகப் பயன்படுத்தினால் ஒரு குறிக்கு 2 பிட் செல்லும். சக்தி வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது; ஆகவே சராசரிச் சக்தி 5. இனி −5, +5 இரண்டையும் சேர்ப்போம். நூறு குறிகளில் 1 என்ற அளவு 71 முறையும், 3 என்பது 26 முறையும், 5 என்பது 3 முறையும் வரட்டும். கூட்டலும் கழித்தலும் சரிபாதி. சராசரிச் சக்தி 3.8 ஆகக் குறைகிறது. செய்தியளவோ அதே 2 பிட்!

மிஞ்சிய சக்தியைக் கொண்டு குறிகளின் இடைவெளியை ஏறத்தாழ 15 சதவிகிதம் அகட்டலாம். இது அற்பமன்று. இடைவெளியில் பாதி, முன்பு இரைச்சலின் திட்டவிலக்கத்தைப் போல் 4 மடங்கு இருந்ததாகக் கொள்வோம். அப்போது பத்து லட்சம் குறிகளில் சுமார் 48 பிழைபடும். இப்போது நான்கைந்து மட்டுமே. நடுக்குறிகளுக்கு இருபுறமும் அண்டைக் குறிகள் இருப்பதால் நேரும் சிறு நட்டத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

இச்சேமிப்புக்கு எல்லை உண்டா? உண்டு. இத்தகைய இரைச்சலுக்கு மணி வடிவப் பரவலே சிறந்தது என்பது 1948-இல் கிளாட் ஷானன் கண்ட முடிவு. அதன்படி, சமப் பங்கீட்டைக் காட்டிலும் 1.53 டெசிபெல், அதாவது சுமார் 30 சதவிகிதச் சக்தி வரையே மிச்சம் பிடிக்கலாம். 1994-இல் வந்த வி.34 தொலைபேசி மோடம் தரத்தில் இம்முறை இடம்பெற்றது. இன்று ஒளியிழைத் தொடர்பிலும் வழங்குகிறது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நம் கணக்கில் உச்ச வீச்சு 3-இலிருந்து 5-க்கு மேல் உயர்ந்துவிட்டது. பெருக்கி அதைத் தாங்காவிடில் குறி சிதையும்; பெற்ற லாபம் கரையும்.

ஆதலால் நண்பர்களே, சக்தியைக் கூட்டுமுன், இருக்கும் சக்தி எக்குறியில் செலவாகிறது என்று முதலில் கணக்கிடுங்கள்.