பழைய மடிக்கணினியின் தாமதம்: காரணமும் பரிகாரமும்

பாவில் ஓரிழை அறுந்ததற்காகத் தறியையே விற்பார் இல்லை. ஆயினும், லினக்ஸில் இயங்கும் பழைய மடிக்கணினி தொடங்குவதற்கு மூன்று நிமிடம் ஆனால், “இனி இது உதவாது” என்று ஒதுக்கிவிடுவோர் உளர். காரணத்தை அறிந்த பின்னரே செலவைப் பற்றி எண்ணுதல் வேண்டும்.

முதற்கண் நேரத்தை அளக்க வேண்டும். இன்று பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் தொடக்கப் பணிகளை நடத்துவது, 2010-ஆம் ஆண்டு வெளிவந்த ‘சிஸ்டம்டி’ என்னும் மென்பொருள். டெர்மினலில் ‘சிஸ்டம்டி-அனலைஸ்’ என்று ஆங்கில எழுத்தில் கட்டளையிட்டால், ஒவ்வொரு கட்டத்திற்கும் ஆன வினாடிகள் தெரியும். அதனுடன் ‘பிளேம்’ என்று சேர்த்தால், மிகுதியான நேரம் கொண்ட பணி முதலாக ஒரு பட்டியல் வரும். பல பணிகள் ஒரே காலத்தில் நடைபெறுவதால் அவ்வெண்களைக் கூட்டுதல் பிழை. எப்பணி எதற்காகக் காத்திருந்தது என்பதை ‘கிரிட்டிக்கல்-செயின்’ என்ற சொல் காட்டும்.

அண்மையில் நான் பார்த்த கணினியில் தாமதம் 90 வினாடி. பட்டியலிலோ குற்றவாளி இல்லை! ‘ஜர்னல்சிடிஎல் -பி’ என்ற கட்டளை தந்த குறிப்பேட்டில்தான் உண்மை வெளிப்பட்டது. ஸ்வாப் பகுதியை யாரோ புதிதாக அமைத்ததால் அதன் அடையாள எண் மாறியிருந்தது. ‘எஃப்எஸ்டேப்’ கோப்பிலோ பழைய எண்ணே நின்றது. இல்லாத பகுதிக்காகக் கணினி நாள்தோறும் ஒன்றரை நிமிடம் காத்திருந்தது. சிஸ்டம்டி வழக்கமாகக் காத்திருக்கும் எல்லை அதுவே. ‘பிஎல்கேஐடி’ கட்டளையால் புதிய எண்ணை அறிந்து, கோப்புக்கு நகல் வைத்துக்கொண்டு திருத்தினேன். ஒரு காசும் செலவாகவில்லை.

குறிப்பிட்ட ஒரு பணி மட்டுமன்றி எல்லாப் பணிகளுமே மந்தமாயின், சுழலும் ஹார்டு டிஸ்க்கை ஐயுறலாம். நிமிடத்திற்கு 5400 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிவினாடி எடுக்கும். தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை ஆங்காங்கே தேடிப் படிக்க வேண்டியிருப்பதால் தாமதம் பெருகுகின்றது. சுழலும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி.யை மாற்றிப் பொருத்தினால் வேகம் நன்கு கூடும்.

ஆனால் அதற்கு முன் ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கொண்டு டிஸ்க்கின் நலத்தைச் சோதிக்க வேண்டும். பழுதுற்ற செக்டர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருப்பின், தாமதம் என்பது வரவிருக்கும் இழப்பின் அறிகுறி. கணினியை மீண்டும் வாங்கலாம். அதிலுள்ள கணக்கை எங்கே வாங்குவது?

ஆகவே நகலெடுங்கள், பிறகு அளவிடுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள், மீண்டும் அளவிடுங்கள். எம்மாற்றம் பயன் தந்தது என்பது அப்போதுதான் ஐயமின்றி விளங்கும்.