பூதபுரிக்கு மெய்ப்புப் பார்க்கும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

மண்ணூரிலிருந்து நீ அனுப்பிய 'பூதபுரி' ஆட்டப் புத்தகத்தின் கைப்பிரதி கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூரின் பழைய பெயரையும், நடனத்தைப் பார்த்துச் சிரித்ததற்காகச் சிவனிடம் சாபம் வாங்கிய பூதகணங்கள் அங்கே தவமிருந்து விமோசனம் பெற்ற தலபுராணத்தையும் எடுத்து, ஆடுகிறவர்களையே அந்தப் பூதங்களாக ஆக்கியிருக்கிறாய். ஷிஃப்ட் முடித்து வந்து விடுதி அறையில் உட்கார்ந்து இதை எழுதினாய் என்று நினைக்கும்போது பெருமையாக இருக்கிறது. கதைப் பகுதியில் நான் கை வைக்கவில்லை. விதிப் பகுதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தே வயதானவன் நான்; எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தாயத்தில் விதிப் புத்தகம் என்று ஒன்று கிடையாது. வெட்டாமல் காயை உள்ளே ஏற்றலாமா, எந்த எண் விழுந்தால் மறுபடி போடலாம் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். சண்டை வந்தால் திண்ணையில் இருக்கும் பாட்டி தீர்த்துவைப்பார். நீ எழுதியிருக்கும் ஆட்டத்துக்கு அந்தப் பாட்டி கிடையாது. விழுப்புரத்திலோ திருவண்ணாமலையிலோ உன் புத்தகத்தைப் பிரிக்கிறவர் உனக்குப் போன் போட்டுக் கேட்க முடியாது. ஆகவே அவர் கேட்கக்கூடியதற்கெல்லாம் புத்தகமே பதில் சொல்லியாக வேண்டும். மெய்ப்புப் பார்க்க உட்காரும்போது எழுதின பெண்ணாக உட்காராதே. உன்னை அறியாத அந்த ஆளாக உட்கார்ந்து படி.

ஆடுகிறவர்களே கதைப் பாத்திரங்களாகும் இந்த வகை ஆட்டத்தின் முதல் புத்தகமே இந்த இடத்தில் சறுக்கியது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மூன்று சிறு புத்தகங்களாக ஒரு பெட்டியில் வந்தது. முதலில் அச்சிட்டது 1,000 பெட்டிகள். சண்டை விதிகளுக்கு 'செயின்மெயில்' என்ற வேறொரு போர் ஆட்டப் புத்தகம் கையில் இருக்கும் என்று எழுதியவர்கள் எண்ணிவிட்டார்கள். அது இல்லாமல் பெட்டியை வாங்கியவர்கள் திண்டாடினார்கள். ஊருக்கொரு விதமாக ஆடினார்கள். எரிக் ஹோம்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் அந்த மூன்று புத்தகங்களையும் புதியவர்களுக்காகத் திருத்தி அமைக்க, அது 1977இல் தனிப் பெட்டியாக வெளிவந்தது. அதற்குப் பிறகும் கேள்விகள் ஓயவில்லை. அவற்றுக்குப் பதில் சொல்லவே 1979இல் 'டிராகன்' பத்திரிகை ஒரு பகுதியைத் தொடங்கியது.

இதற்கான அளவுகோல் நம்மிடம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. நன்னூலும் ஒரு விதிப் புத்தகம்தானே! பவணந்தி முனிவர் அதன் பாயிரத்திலேயே ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும், இருக்க வேண்டிய பத்து அழகுகளையும் சொல்லிவிடுகிறார். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்திருப்பாய். இப்போது உன் கைப்பிரதியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்.

குன்றக் கூறல் முதல் குற்றம். "ஆறு சோழிகளை உருட்டி, மல்லாந்த சோழிகளை எண்ணு" என்று எழுதியிருக்கிறாய். ஆறும் கவிழ்ந்து விழுந்தால்? தாயத்தில் பல ஊர்களில் அதற்குப் பன்னிரண்டு. உன் ஆட்டத்தில் பூஜ்யமா, பன்னிரண்டா? உனக்குத் தெரியும், புத்தகத்துக்குத் தெரியாது. மாறுகொளக் கூறல்: 5ஆம் பக்கத்தில் பூதம் ஒரு முறையில் ஒரு செயல்தான் செய்யலாம் என்கிறாய், 11ஆம் பக்கத்தில் அதே பூதம் மதகைத் திறந்துவிட்டு ஓடவும் செய்கிறது. மதகு திறப்பது விலக்கு என்றால் அங்கேயே அப்படிச் சொல்.

மயங்க வைத்தல்தான் எல்லாவற்றிலும் பொல்லாதது. படிக்கும் இருவரும் தங்களுக்குப் புரிந்துவிட்டது என்றே நினைப்பார்கள். ஆளுக்கு ஒரு விதமாகப் புரிந்திருக்கும். 'மேஜிக்' சீட்டாட்டத்தை ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிக்கொண்டிருந்தபோது, எதிராளிக்கு ஒரு முறை பறிபோகும் என்ற பொருளில் ஒரு சீட்டில் வாசகம் எழுதினார். எதிராளி அடுத்த முறையில் ஆட்டத்தையே இழப்பார் என்றும் அதைப் படிக்கலாம். சோதித்துப் பார்த்தவர் அப்படித்தான் படித்தார்! அச்சுக்குப் போகும்போது வாசகத்தைத் திருப்பிப் போட்டார்கள்: சீட்டை இறக்குகிறவர் கூடுதலாக ஒரு முறை ஆடுவார். சந்தேகம் போய்விட்டது. ஒரு வாக்கியம் மயங்கினால் அதற்கு விளக்கம் சேர்த்துக்கொண்டே போகாதே. வேறு பக்கத்திலிருந்து புதிதாகச் சொல்லிப் பார்.

தமிழில் எழுவாயை விட்டுவிடலாம். பேச்சுக்கு அது அழகு, விதிக்கு ஆகாது. "தாக்கினால் ஒரு உயிர்ப்புள்ளி குறையும்" என்கிறாய். யாருக்கு, தாக்கியவருக்கா, தாக்கப்பட்டவருக்கா? "காவல் பூதமும் ஏரிப் பூதமும் 4 புண்ணியம் பெறும்" என்பதில் ஆளுக்கு 4ஆ, இரண்டுக்கும் சேர்த்து 4ஆ? 'தலா' என்று ஒரு சொல் போட்டால் தீர்ந்தது. "எல்லாப் பூதங்களும் கரையைத் தாண்ட முடியாது" என்றால் ஒன்றுமே தாண்டாதா, சில தாண்டுமா? "மூன்றுக்கு மேல் விழுந்தால் வெற்றி, மூன்றுக்குக் கீழ் விழுந்தால் தோல்வி" என்ற வரியில் மூன்றே விழுந்தவர் நடுத்தெருவில் நிற்கிறார். "4 அல்லது அதற்கு மேல்" என்று எழுது. "நாளுக்கு ஒரு முறை" என்பது கதைக்குள் விடிகிற நாளா, நீங்கள் கூடி ஆடுகிற ஞாயிற்றுக்கிழமையா? இவை இலக்கணப் பிழைகள் இல்லை, எந்தத் தமிழாசிரியரும் சிவப்பு மையால் சுழிக்க மாட்டார். ஆனால் ஆட்டம் இங்கேதான் நின்றுபோகும்.

கதை எழுதும்போது ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் அலுக்கும், மாற்றி எழுதுவோம். விதியில் அது கூடாது. 3ஆம் பக்கத்தில் 'உயிர்ப்புள்ளி', 9இல் 'ஆயுள்', 14இல் 'பலம்' என்று வருகிறது. மூன்றும் ஒன்று என்று நீ சொல்லாமல் எனக்கு எப்படித் தெரியும்? ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடு. எடுக்கும்போது கணினியிடம் மொத்தமாக மாற்றச் சொல்லாதே. 1990களில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மந்திரப் பொருள் தொகுதி ஒன்றில் 'மேஜ்' என்று வந்த இடத்திலெல்லாம் 'விசார்ட்' என்று போட்டார்கள். 'டேமேஜ்' எல்லாம் 'டேவிசார்ட்' ஆகி, அப்படியே அச்சாகியும் விட்டது. நீ 'அடி' என்பதை 'தாக்கு' என்று மாற்றினால் 'அடிக்கடி' என்ன ஆகும் என்று யோசி. ஒவ்வொரு இடமாகப் பார்த்து மாற்று.

ஒற்றுப் பிழைகளை நானே குறித்துவிட்டேன். 'ல'வுக்கு 'ள' விழுந்தால் படிக்கிறவரே திருத்திக்கொள்வார். 2 என்பது 12 ஆகிவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அதையும் விதி என்றே நம்புவார். அதனால் எண்களுக்கு மட்டும் தனியாக ஒரு வாசிப்பு வேண்டும். எங்கள் அச்சகத்தில் காப்பி ஹோல்டர் மூலப்பிரதியை உரக்கப் படிப்பார், நான் மெய்ப்பில் கண் வைத்திருப்பேன். அறைத் தோழி ஒருத்தியை அப்படிப் படிக்கச் சொல். அட்டவணை எண்களைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். வாக்கியத்தின் ஓட்டம் கண்ணை இழுத்துப் போகாது.

என்னதான் பார்த்தாலும் நீ நினைத்தே பார்க்காத நிலைமை ஒன்று ஆட்டத்தில் வரும். நம் இலக்கண ஆசிரியர்கள் இதற்காகத்தான் புறனடை வைத்தார்கள். நீயும் முன்பக்கத்தில் சில பொது விதிகள் வை. பொது விதியும் சிறப்பு விதியும் மோதினால் சிறப்பு விதியே நிற்கும். வகுத்து மீதி வந்தால் பின்னத்தை விட்டுவிடு. இந்த இரண்டையும் 2014இல் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பதிப்பும் வெளிப்படையாகச் சொல்கிறது. இரண்டிலும் அடங்காததை, ஆட்டத்தை நடத்தும் கதைசொல்லி முடிவு செய்யட்டும். ஆனால் எழுதச் சோம்பலான இடத்திலெல்லாம் "கதைசொல்லியின் விருப்பம்" என்று போட்டிருக்கிறாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. ஏரி உடைந்தால் யார் தப்புவார்கள் என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

இனி சோதனை. உன் விடுதியில் எப்போதும் ஒரு கூட்டம் வேலைக்குப் போகும், ஒரு கூட்டம் திரும்பி வரும். ஆட்டத்தைப் பார்த்திராத நாலு பேரிடம் புத்தகத்தையும் சோழிகளையும் கொடுத்துவிட்டு நீ ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிப் போ. அறையில் இருந்தால் வாய் சும்மா இருக்காது. ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தாலும் சோதனை கெட்டது. எந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி புரட்டினோம், எதற்குச் சண்டை போட்டோம் என்று ஓரத்தில் பென்சிலால் குறிக்கச் சொல். அவர்கள் தப்பாக ஆடியிருந்தால் அவர்களைத் திருத்தாதே, அந்த வரியைத் திருத்து.

தொழிற்சாலை லைனில் உன் இடத்துக்கு மேலே மாட்டியிருக்கும் வேலைக் குறிப்பின் மூலையில் ரிவிஷன் நம்பர் இருக்கும். புதுசு வந்தால் பழசை எடுத்துவிடுவார்கள். உன் புத்தகத்தின் எல்லாப் பக்கத்திலும் அப்படி ஒரு எண்ணும் தேதியும் போடு. ஏற்கெனவே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த பிரதிகளுக்கு, பழைய தமிழ்ப் புத்தகங்களின் கடைசியில் வருமே, அதுபோல 'பிழையும் திருத்தமும்' என்று ஒரு தாள் தயாரித்துச் சேர்த்துவிடு. பக்கம் அமைத்து முடித்த பிறகு "14ஆம் பக்கம் காண்க" என்பவற்றை எல்லாம் திரும்பப் பார். கைப்பிரதியில் 14இல் இருந்த சாபப் பட்டியல் இப்போதே 16க்குப் போய்விட்டது.

சோதனையில் விழுந்த பென்சில் குறிகளோடு அந்தப் பிரதியை அப்படியே எனக்கு அனுப்பு. சுத்தப் பிரதி வேண்டாம்.

அன்புடன்,
மாமா