பகடையாட்டத்துக்குப் பின்னணி இசை வந்த வழி

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன் வார இறுதிகளில் நண்பர்களோடு ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறான். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே ஆடும் ஆட்டம். அதற்கு சினிமா போலப் பின்னணி இசை வேறு ஓடுகிறது. இந்தப் பழக்கம் எங்கிருந்து தொடங்கியது?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: ஆட்டத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காக முதலில் இரண்டு வார்த்தை. ஒருவர் கதையை நடத்துவார். அவருக்கு ‘டன்ஜன் மாஸ்டர்’ என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள்: வாள்வீரர், மந்திரவாதி, திருடன் என்று. “பூட்டை உடைக்கிறேன்” என்று ஒருவர் சொன்னால், அது உடைகிறதா என்பதைப் பகடை சொல்லும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய இந்த ஆட்டம் 1974-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்களும் சில தாள்களும் இருந்தன. இசைக்கென்று எதுவும் கிடையாது.

இசையைக் கொண்டுவந்தவர்கள் ஆடியவர்கள்தான். வீட்டில் இருந்த ரெக்கார்டுகளும் கேசட்டுகளும் மேஜைக்கு வந்தன. 1982-ல் வந்த ‘கோனன் தி பார்பேரியன்’ படத்துக்கு பேசில் போலடூரிஸ் அமைத்த இசைக்கு இந்த ஆட்டக்காரர்களிடையே இன்றுவரை தனி மரியாதை. வசனம் குறைவான அந்தப் படத்தில் நீண்ட காட்சிகளை இசையே சுமந்து செல்லும். கண் முன்னே படம் இல்லாவிட்டாலும் அந்த இசை நின்று பேசுவதற்கு அதுவே காரணம்.

ஆனால் வேரைத் தேடினால் இன்னும் அறுபது வருஷம் பின்னே போகவேண்டும். சினிமா பேசாத காலத்தில் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பியானோ வாசித்தவர்தான் என் கணக்கில் இந்தப் பழக்கத்தின் முன்னோடி. ஒவ்வொரு படத்துக்கும் தனி இசை எழுதிக் கொடுக்க ஆள் இல்லை. திரையில் துரத்தல் வந்தால் துரத்தலுக்கு ஒன்று, புயல் வந்தால் புயலுக்கு ஒன்று என்று அவரே எடுத்து வாசிக்கவேண்டும். இந்தத் தேவைக்காகவே 1913-ல் ஓஹியோ மாநிலத்தின் கிளீவ்லாண்டில் சாம் ஃபாக்ஸ் பதிப்பகம் ஜே. எஸ். ஜமெக்னிக் எழுதிய துண்டிசைத் தொகுப்பை வெளியிட்டது. அடுத்து பெர்லினில் ஜுசெப்பே பெச்சே 1919 முதல் இதே மாதிரித் தொகுதிகளைக் கொண்டுவந்தார்.

இந்த வரிசையில் நான் அதிசயித்துப் பார்ப்பது எர்னோ ராப்பே 1924-ல் நியூயார்க்கில் வெளியிட்ட தடித்த புத்தகம். 52 மனநிலைகளுக்கும் சூழ்நிலைகளுக்கும் ஏற்ற இசை அதில் தொகுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தின் ஓரத்தைப் பார்த்தால் அந்தத் தலைப்புகளின் பட்டியல் பக்க எண்களோடு அச்சாகியிருக்கும். முன்னால் போய்ப் பொருளடக்கத்தைத் தேட வாசிப்பவருக்கு நேரம் இல்லை. ஒரு கை வாசித்துக்கொண்டிருக்க, கண் ஓரத்தில் ஓடி எண்ணைப் பிடிக்கும், மறு கை அந்தப் பக்கத்தைப் புரட்டும். இன்று டன்ஜன் மாஸ்டர் மடிக்கணினியில் ‘காடு’, ‘சத்திரம்’, ‘சண்டை’ என்று பெயரிட்ட பொத்தான்களை வரிசையாக வைத்துக்கொண்டு தட்டுகிறாரே, வேலை அதேதான்.

சினிமா இசையமைப்பாளரை நான் முன்னோடியாகச் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. வெட்டி முடித்த படம் அவர் கையில் இருக்கும். எந்த விநாடியில் கதவு திறக்கும் என்று அவருக்குத் தெரியும். டன்ஜன் மாஸ்டருக்கு அது தெரியாது. அவர் முன்கூட்டி அறிய முடியாத கதைக்கு அந்தந்த நேரத்தில் இசை போடுகிறவர்.

கேள்வி: நாங்களும் இந்த ஆட்டம் ஆடுகிறோம். சண்டை வந்ததும் படத்தின் கிளைமாக்ஸ் இசையைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் ஒட்டாமல் போய்விடுகிறது. ஏன்?
(வாசகர், சென்னை)

பதில்: விதிப்புத்தகத்திலேயே விடை இருக்கிறது. இன்றைய விதிப்படி சண்டையில் ஒரு சுற்று என்பது கதைக்குள் 6 விநாடி. ஐந்து சுற்றில் முடிகிற சண்டை கதையில் அரை நிமிஷம்தான். மேஜையில் அதற்கு முக்கால் மணி நேரம் சர்வசாதாரணமாகப் போய்விடும். நீங்கள் போட்ட இசையோ மூன்று நான்கு நிமிஷத்தில் ஏறி, வெடித்து, அடங்கிவிடும். அது வெடிக்கிற நேரத்தில் யாராவது பகடையில் விழுந்த எண்களைக் கூட்டிக்கொண்டிருப்பார்.

இதே சிக்கலை வீடியோ கேம்காரர்களும் சந்தித்தார்கள். ஆடுகிறவர் ஒரு குகையில் இரண்டு நிமிஷம் இருப்பாரா, இரண்டு மணி நேரம் இருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் முடிவும் தொடக்கமும் ஒட்டிக்கொள்ளும்படி சுழலும் இசையை எழுதினார்கள். மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்கானெல் இருவரும் லூகாஸ் ஆர்ட்ஸ் கேம் நிறுவனத்தில் உருவாக்கிய ‘ஐமியூஸ்’ என்ற இசை இயக்கும் முறை இன்னும் ஒரு படி மேலே போனது. 1991-ல் வந்த ‘மங்கி ஐலண்ட் 2’-ல் உட்டிக் என்ற கடற்கொள்ளையர் ஊர் வரும். அங்கே கதாநாயகன் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குள் நுழையும்போது அடிப்படை மெட்டு அறுபடாது. வாத்தியமும் நடையும் மட்டும் தாளம் தப்பாமல் மாறும். நீங்களும் சினிமா இசையை விட்டு வீடியோ கேம் இசைக்கு வந்து பாருங்கள். ‘பால்டர்ஸ் கேட்’ (1998), ‘ஸ்கைரிம்’ (2011) போன்றவற்றின் இசை மேஜைக்கு நன்றாகப் பொருந்தும்.

சண்டை இசையை எப்போது போடுகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். டிராகன் வெளிப்படுவதற்கு ஒரு நொடி முன்னால் தட்டிவிட்டால் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிடும். அதன் பிறகு எந்த வர்ணனைக்கும் திடுக்கிட மாட்டார்கள்.

கேள்வி: இந்த ஆட்டங்களுக்கென்றே தயாரான இசை உண்டா?
(அதே வாசகர்)

பதில்: உண்டு. இந்த ஆட்டத்தை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனம் 1994-ல் ‘ஃபர்ஸ்ட் குவெஸ்ட்’ பெட்டியோடு ஒரு சிடி கொடுத்தது. குறிப்பிட்ட இடம் வந்ததும் குறிப்பிட்ட டிராக்கைப் போடவேண்டும். குரல் நடிப்பும் சத்தங்களும் அதில் உண்டு. கதையை நடத்துபவரின் வாயை சிடி அடைத்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். அந்த வழி வேரூன்றவில்லை. 2003-ல் ஓஹியோவைச் சேர்ந்த ‘மிட்நைட் சிண்டிகேட்’ குழு பேச்சே இல்லாத ஓர் இசைத்தட்டை ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பெயரிலேயே அதிகாரபூர்வமாக வெளியிட்டது. சரியான பாதை அதுதான். பாட்டு வரிகள் வந்தால் டன்ஜன் மாஸ்டரின் குரலோடு மோதும், காது இரண்டையும் ஒரே நேரத்தில் பின்தொடராது.

இப்போது ஆஸ்திரேலியாவின் ‘சிரின்ஸ்கேப்’ செயலியில் மழை, குதிரைக் குளம்பு, கூட்ட இரைச்சல் எல்லாம் தனித்தனி அடுக்குகளாகக் கிடைக்கின்றன. வேண்டியதை ஏற்றி இறக்கலாம். ‘டேபிள்டாப் ஆடியோ’ இணையதளத்தில் பத்துப் பத்து நிமிஷச் சூழல் ஒலிகள் இலவசமாகவே இருக்கின்றன. சந்தையோ சத்திரமோ ஒன்றை எடுத்து, உங்கள் குரலுக்கு நன்றாகக் கீழே சத்தத்தை வைத்துத் தொடங்குங்கள்.